நான்கு பைகள் கிளம்பிவிட்டன

25 பிப்ரவரி 2026, புதன்கிழமை. இன்றைய தவறு: கொல்லிமலை முகாமுக்கு வெள்ளிக்கிழமையைப் பதிவு செய்தபோது தினசரிக் காலண்டரைப் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். கொல்லிமலை நமக்கு மேற்கே இருக்கிறது. சிறிய தவறுதான். பத்து மணிக்குள் சரி செய்துவிட்டேன்.

இதை எழுதியபோது இளமதிக்குத் தெரியாது, சரி செய்ததுதான் அன்றைய பெரிய தவறு என்று.

கடலூரில் ஒரு கணினி மையத்தில் அவளுக்கு வேலை; பயணத்துக்காக இந்த வாரம் லீவு போட்டிருந்தாள். மாலையில் சிதம்பரத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. தினமும் டைரி எழுதினால் ஆங்கிலம் தானாக வரும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். நாலு மாதமாக எழுதுகிறாள். தமிழ்தான் வந்தது. அதையும் ஒரு தவறாகக் குறித்து வைத்திருந்தாள்.

அன்று காலை அவளுடைய அப்பா தேவநாதன் காலண்டரின் இரண்டு தாள்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“இளா, இங்க வா. நாளான்னைக்கு என்னா போட்டிருக்குன்னு படி.”

“வெள்ளி. சூலம் மேற்கு. பரிகாரம் வெல்லம்.”

“பாத்தியா?”

“அதான் பரிகாரம் போட்டிருக்கேப்பா. ஒரு துண்டு வெல்லத்த வாயில போட்டுக்கிட்டுக் கெளம்பலாம்.”

“எனக்குச் சுகரு.”

அப்பா காலண்டர் தாள்களை மெதுவாக விட்டார். அவர் முகத்தில் இருந்தது ஏமாற்றம் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

தேவநாதன் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றுப் பதினோரு மாதம் ஆகிறது. முப்பத்து நாலு வருடம் சிதம்பரம், குமராட்சி, காட்டுமன்னார்கோயில் பக்கம் மேடு பள்ளமில்லாத நிலத்தையே அளந்தவர். ஓய்வு பெற்ற மறுநாள் காலை ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். சாப்பிடவும் தூங்கவும் மட்டும் அதிலிருந்து எழுந்தார். மணி என்ன என்று கேட்பார், சொன்னால் தலையாட்டுவார். பொங்கலன்று டிவியில் யாரோ மலையேறுவதைப் பார்த்துவிட்டு, “பரவாயில்ல, நல்லாத்தான் இருக்கு” என்றார். ஓய்வுக்குப் பிறகு யாரும் கேட்காமல் அவர் சொன்ன முதல் வாக்கியம் அதுதான்.

அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு இளமதி மூன்று நாள் பயணத்தையே கட்டிவிட்டாள். கொல்லிமலையில் ஐம்பத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும் என்று ஒரு முகாம். கூடாரத்தில் தங்கல், காட்டுப் பாதையில் நடை, ஆயிரத்துக்கும் மேல் படி இறங்கி ஏறி ஆகாய கங்கை அருவி. அப்பாவும் அம்மா லோகநாயகியும் தனியாகப் போக வேண்டாமே என்று அம்மாவின் அண்ணன் திருநாவுக்கரசையும், அவர் மனைவி சௌந்தரம் அத்தையையும் சேர்த்தாள். அவர்கள் செவ்வாய்க்கிழமையே கம்மாபுரத்திலிருந்து வந்து இறங்கிவிட்டார்கள்.

இந்தப் பயணம் நின்றால் அப்பா மறுபடியும் நாற்காலிக்குப் போய்விடுவார். அப்புறம் எழுந்திருக்கவே மாட்டார். அவளுக்கு இருந்த பயம் அது ஒன்றுதான்.

ஆகவே பரஸ்தானம் வைத்துவிடலாம் என்று சொன்னாள். நல்ல நாளில் கிளம்ப முடியாதவர்கள், முன்னதாக ஒரு நல்ல நேரத்தில் பையை மட்டும் வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் பயணம் தொடங்கியதாகக் கணக்கு. புதன்கிழமை ஒன்பதே காலிலிருந்து பத்தே கால்வரை நல்ல நேரம்.

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அதெல்லாம் இந்தக் காலத்துல யாரு பாக்குறா?” என்றார் அப்பா.

“நீங்கதானப்பா சூலம் பாத்தீங்க?”

மூன்று வீடு தள்ளி இருந்த தில்லையம்மாள் வீட்டில் நாலு பைகளும் வரிசையாக வைக்கப்பட்டன. தில்லையம்மாள் தனியாக இருப்பவர். பைகளுக்குக் குங்குமம் வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு சட்டம் சொன்னார்.

“பை வந்துடுச்சின்னா ஆளு கெளம்பிட்டாங்கன்னு அர்த்தம். இனிமே பை வீட்டுக்குத் திரும்பக் கூடாது. இங்கேருந்து நேரா ஊருக்குத்தான் போவணும். மூணு நாளுதான் தாங்கும்.”

“போவாம நின்னுட்டா, பெரியம்மா?” என்று இளமதி கேட்டாள். எதையும் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது என்பது அவள் கொள்கை.

“வழியில மரம் விழுந்துச்சி, வெள்ளம் வந்துச்சின்னா அது தெய்வம் தடுக்குறது. நம்ம மேல குத்தமில்ல. நாமளா மனசு மாறி நிறுத்துனா குடும்பத்துக்கு ஆவாது. எங்க சித்தி மவ ஒருத்தி காசிக்குப் பை வச்சிட்டு வேணாம்னுட்டா. ஆறே மாசம்.”

“செத்துட்டாங்களா?” என்றாள் அத்தை.

“மாமியா வந்து கூடவே தங்கிட்டாங்க.”

அத்தை நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

பதினோரு மணிக்கு அம்மா செய்தித்தாளைக் கையில் எடுத்தவள் கீழே வைத்தாள்.

“கண்ணாடி பையில போயிடுச்சி.”

“போய் எடுத்துட்டு வர்றேம்மா.”

போனாள். தில்லையம்மாள் கதவருகே கையை நீட்டி இளமதியை மறித்தார்.

“உள்ள இருக்குற சாமானும் கெளம்பிட்டதுதான். வேணும்னா இங்க வந்து போட்டுக்கிட்டுப் படிக்கச் சொல்லு.”

அம்மா செய்தித்தாளை எடுத்துக்கொண்டு அங்கே போனாள். பன்னிரண்டரைக்கு, அப்பாவின் சர்க்கரை மாத்திரையும் பையில்தான் இருக்கிறது என்று தெரிந்தது. சாப்பாட்டுக்குக் கால் மணி நேரம் முன்னால் போட வேண்டிய மாத்திரை. அவர் அங்கே போய்ப் போட்டுக்கொண்டார். மாத்திரை போட்டுக்கொண்டு மூன்று வீடு நடந்து வந்து சாப்பிட உட்கார்வதற்குள் நேரம் தப்பிவிடுமோ என்று இளமதி சாப்பாட்டையே அங்கே கொண்டுபோனாள். அப்போது மாமா தயங்கித் தயங்கி எழுந்தார்.

“இளா, என் பல்செட்டும் பையிலதான் இருக்கு.”

ஒரு மணிக்கு நாலு பேரும் தில்லையம்மாள் வீட்டுக் கூடத்தில் இலை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இளமதி சாம்பார்ப் பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தாள். மூன்று வீட்டுத் தூரம்தான். ஆனால் நாலு முறை நடந்தாள். ரசம், மோர், அப்பளம் என்று தனித்தனியாகக் கொண்டுபோனதுதான் பிசகு. ஒரே கூடையில் வைத்திருக்கலாம்.

“பை வைக்கத்தான் எடம் குடுத்தேன்” என்றார் தில்லையம்மாள், அவளிடம் மட்டும் கேட்கும்படி. “ஆளுங்களையும் சேத்துன்னு நீ சொல்லவேயில்லியே?”

“ரெண்டு நாளுதான் பெரியம்மா.”

“என் சீரியல் நேரத்துல ஒங்க மாமா கிரிக்கெட்டு வைக்கிறாரு.”

சாயங்காலம் சௌந்தரம் அத்தை இளமதியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

“பஸ்ஸுலதான போறோம்? எத்தினி வளைவு?”

“கொண்டை ஊசி வளைவு எழுவது, அத்தை.”

“கம்மாபுரத்துலேருந்து இங்க வர்றதுக்குள்ளயே எனக்கு ரெண்டு தடவ கொமட்டிச்சி. அங்க எத்தினி வளைவு? ஒண்ணுமில்ல. ரோடு நேராத்தான் வருது.” அத்தை குரலைத் தாழ்த்தினாள். “எனக்காவ நிறுத்தாத. நாயகி ரொம்ப ஆசையா இருக்கா. நான் வாந்தி எடுத்துக்கிட்டே வந்துடுறேன்.”

இளமதி அத்தையின் தியாகத்தைப் பார்த்துக் கலங்கிப்போனாள். முகாம் ஏற்பாடு செய்திருந்த பஸ்ஸை ரத்து செய்தாள். தெருக்கோடியில் இருக்கும் பக்கிரியிடம் போய் அவருடைய வேனைப் பேசினாள். பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் மஞ்சள் வேன். வேண்டிய இடத்தில் நிறுத்தலாம், வேண்டிய அளவு வாந்தி எடுக்கலாம்.

“வெள்ளிக்கெழம காலையில நாலரைக்கு வந்துடுறேன்” என்றார் பக்கிரி. “ஸ்கூல் ட்ரிப்ப என் தம்பி பாத்துக்குவான்.”

வண்டி எண்ணைச் சொல்ல முகாமுக்குப் போன் செய்தாள். அங்கே இருந்தவர் நாலு பேரின் வயதையும் கேட்டார். சொன்னாள்.

“தனி வண்டியில வர்றீங்களா மேடம்? அப்ப ஆளுக்கொரு பிட்னஸ் சர்ட்டிபிகேட் வேணுமே. பஸ் குரூப்னா எங்க நர்ஸே வழியில பாத்துருவாங்க.”

“மறுபடியும் பஸ்ஸுலயே சேத்துக்க முடியுமா சார்?”

“இப்பதான் மேடம் அந்த நாலு சீட்டும் வேற ஆளுங்களுக்குக் குடுத்தோம்.”

அன்று மாலை அவள் வகுப்புக்குப் போகவில்லை.

வியாழக்கிழமை காலை டாக்டர் அப்பாவின் சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

“வழக்கத்தவிடக் கொறஞ்சிருக்கே. புதுசா என்னா பண்றீங்க?”

“பை வச்சிருக்கோம்” என்றார் அப்பா.

டாக்டர் அதை விசாரிக்கவில்லை. ரத்த அழுத்தம் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். ஒவ்வொருவரும் உள்ளே போகும்போது நிமிர்ந்து போய், வெளியே வரும்போது தலை குனிந்து வந்தார்கள். கடைசியாக மாமா.

“டாக்டர், எனக்கு முட்டி.”

“வலிக்குதா?”

மாமா கதவு வழியாகத் தெரிந்த மூன்று முகங்களையும் பார்த்தார். இளமதியைப் பார்த்தார்.

“வலிக்குது. ஆனா ஏறிடுவேன்.”

“ஆயிரம் படி ஏறுவீங்கன்னு நான் எப்பிடிங்க எழுதித் தர்றது? நாலு பேரும் எங்கயாச்சும் ஏறிக் காட்டுங்க. மூச்சு எப்படி வாங்குதுன்னு சாயங்காலம் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுறேன்.”

எங்கே ஏறுவது? சிதம்பரம் சுற்றுவட்டாரத்தில் கடவுள் எதையும் உயரமாக வைக்கவில்லை. வைத்த கோபுரங்களின் மேலே ஏற விடமாட்டார்கள். யோசித்துப் பார்த்ததில் ரயில் நிலையத்து நடைமேம்பாலம்தான் மிஞ்சியது. இளமதி ஐந்து பிளாட்பாரம் டிக்கெட் எடுத்தாள். நாலு பேரும் புது ஷூ போட்டிருந்தார்கள். அப்பா முதலில் ஒருமுறை ஏறிப் படிகளை எண்ணினார்.

“நாப்பத்தாறு. இருவத்திரெண்டு தடவ ஏறினா ஆயிரத்திப் பன்னெண்டு.” பழைய தொழில் குரல் கொஞ்சம் எட்டிப் பார்த்தது. அவளுக்கு மனம் நிறைந்தது.

நாலாவது முறையில் அம்மாவும் அத்தையும் பாலத்தின் உச்சியில் உட்கார்ந்துவிட்டார்கள்.

“காத்து நல்லா வருது அண்ணி.”

“வருது. மலையும் இப்பிடித்தான இருக்கும்?”

“இதுக்கு மேல என்னா இருக்கப் போவுது?”

“அம்மா, எழுந்திரும்மா. இன்னும் பதினெட்டு தடவ இருக்கு.”

“நீ கணக்கு வச்சிக்க, நாங்க வந்துடுறோம்.”

ஏழாவது முறையில் அப்பா நொண்ட ஆரம்பித்தார். கேட்டால், பழைய ஷூ கடித்தால்தான் தப்பு, புது ஷூ கடிப்பது அதன் இயல்பு என்றார். ஒன்பதாவது முறையில் ஒரு ரயில்வே போலீஸ்காரர் படிக்குக் கீழே வந்து நின்றார்.

“யாரும்மா இவுங்கல்லாம்? காலையிலேருந்து ஏறுறாங்க, எறங்குறாங்க. எந்த ட்ரெயினுக்குப் போறீங்க?”

“ட்ரெயினுக்கு இல்ல சார். மலைக்கு.”

போலீஸ்காரர் தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் பார்த்தார். எங்கும் மலை இல்லை.

“பெரியவங்களக் கூட்டியாந்து இப்பிடிப் பண்றியே, வீட்டுல சொத்துத் தகராறா?”

“ஐயோ சார், இவரு எங்கப்பா. ஆசைப்பட்டுத்தான் ஏறுறாரு. கேளுங்க.”

போலீஸ்காரர் அப்பாவைப் பார்த்தார். அப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வியர்வையைத் துடைத்தார்.

“ஆமாங்க. ஆசைதான்” என்றார்.

பயணத்திட்டத்தைத் தாளில் காட்டி, முகாமின் கடிதத்தைப் போனில் காட்டி விளக்குவதற்குள் கால் மணி நேரம் போய்விட்டது. திரும்பிப் பார்த்தால் மூன்று பேர்தான் இருந்தார்கள். இரண்டாவது பிளாட்பாரத்திலிருந்து ஒரு பாசஞ்சர் ரயில் வடக்கே போய்க்கொண்டிருந்தது. அவள் போன் அடித்தது.

“இளா, மாமா பேசுறேன்.”

“எங்க இருக்கீங்க?”

“தப்பான பக்கம் எறங்கிட்டேன்மா.”

“எந்தப் பக்கம்?”

“எறங்குன எடத்துல ட்ரெயினோட கதவு இருந்துச்சி.”

“அடுத்த ஸ்டேஷன்ல எறங்கிடுங்க மாமா!”

“எறங்கலாம். முட்டி ஒத்துழைக்கல. கடலூர்ல பிளாட்பாரம் ஒசரமா இருக்கும், அங்க பாத்துக்குறேன்.”

அம்மாவையும் அத்தையையும் அப்பாவையும் ஆட்டோவில் ஏற்றி, டாக்டரிடம் காட்டிவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லி அனுப்பினாள். கடலூருக்கு பஸ் பிடித்தாள். ஒரு மணி நேரம் நின்றுகொண்டே போனாள். கடலூர் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் மாமா இல்லை. போன் எடுக்கவில்லை. இரண்டு பெஞ்சு, ஒரு டீக்கடை, ஒரு மருந்துக்கடை என்று முறையாகத் தேடிக்கொண்டு வந்தாள். நாலாவதாக ஓர் ஆட்டோக்காரர், வெள்ளை வேட்டியும் நீல ஷூவும் போட்ட பெரியவரைச் சில்வர் பீச்சில் இறக்கிவிட்டதாகச் சொன்னார்.

கரையேற்றி வைத்திருந்த ஒரு படகின் நிழலில் மாமா உட்கார்ந்திருந்தார். ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். பல்செட் பையில் இருந்ததால், பல் தேவைப்படாத ஐஸ்கிரீமாக வாங்கி மூன்றாவதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முப்பத்தோரு வருடம் சுரங்கத்தில் பூமிக்குக் கீழே வேலை பார்த்தவர், கடலைப் பார்த்துக் காலை நீட்டிக்கொண்டிருந்தார். இந்த இரண்டு நாளில் அவர் முகம் இவ்வளவு தெளிவாக இருந்து அவள் பார்க்கவில்லை.

அவளைக் கண்டதும் முகம் பழையபடி ஆனது.

“வந்துட்டியா?”

“போன ஏன் மாமா எடுக்கல?”

“அல சத்தத்துல கேக்கலம்மா.”

அன்று அலையே இல்லை. இளமதி மணலில் உட்கார்ந்தாள். கால் வலித்தது.

“மாமா, முட்டி நெசமாவே முடியலன்னா சொல்லிடுங்க.”

மாமா ஐஸ்கிரீம் குச்சியை மணலில் நட்டார்.

“மாப்ள எவ்ளோ ஆசையா இருக்காரு, பாத்தல்ல? பாலத்துல நொண்டிக்கிட்டே ஏறுறாரு. அவரு ஏறும்போது நான் எப்பிடி முடியாதும்பேன்? வா, போவலாம்.”

சிதம்பரம் வந்து சேர்ந்தபோது ஐந்தரை மணி. பஸ் நிலையத்திலிருந்து நேராக டாக்டரிடம் போனார்கள். நடந்ததை இளமதி ஒன்றுவிடாமல் சொன்னாள். மறைத்தால் சர்ட்டிபிகேட் செல்லாமல் போய்விடுமோ என்று அவளுக்குச் சந்தேகம்.

“கெளம்புன ட்ரெயின ஓடிப்போய்ப் புடிச்சாரா?” என்றார் டாக்டர்.

“கெளம்புறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, சார்.”

“ஓடுனாரா, இல்லியா?”

இளமதி மாமாவைப் பார்த்தாள். மாமா சுவரிலிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தார்.

“லேசா” என்றார்.

“அப்ப அந்த முட்டிக்கு ஒண்ணுமில்ல. மத்தவங்கள மத்தியானமே பாத்துட்டேன். மூச்சு, நாடி எல்லாம் சரியா இருக்கு.” டாக்டர் நாலு தாளிலும் கையெழுத்துப் போட்டார். “மலைக்காத்து ஒடம்புக்கு நல்லது. நல்லபடியாப் போயிட்டு வாங்க.”

வெளியே வந்ததும் மாமா, பல்செட் போட்டுக்கொண்டு வருவதாகச் சொல்லி முன்னால் வேகமாக நடந்தார். இளமதி கடைக்குப் போய், அப்பாவின் காலுக்குக் களிம்பும் பஞ்சும் வாங்கிக்கொண்டு தில்லையம்மாள் வீட்டுக்கு வந்தாள்.

நாலு பேரும் நாலு பைகளுக்குப் பக்கத்தில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தார்கள். டிவியில் தில்லையம்மாளின் சீரியல் ஓடியது. யாரும் அதைப் பார்க்கவில்லை, தில்லையம்மாள் உட்பட. அப்பாவின் இரண்டு குதிகாலும் ஒரு வாளித் தண்ணீருக்குள் இருந்தன.

“சர்ட்டிபிகேட் என்னாச்சி?” என்றார் அப்பா.

“வந்துடுச்சிப்பா. நாலு பேருமே பிட்டு.”

கொஞ்ச நேரம் சீரியலில் ஒருத்தி அழுவது மட்டும் கேட்டது.

“ரொம்ப நல்லது” என்றார் அப்பா.

“நல்லதாப் போச்சி” என்றாள் அம்மா.

“எல்லாம் அவன் செயல்” என்றாள் அத்தை. மாமா புதிதாகப் போட்ட பல்லைக் காட்டிச் சிரித்தார்.

தில்லையம்மாள் இளமதியைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போனார். சிலிண்டர் காலியாகி, மண்ணெண்ணெய் அடுப்பில் டீ கொதித்தது.

“கண்ணு, நாளைக்குக் காலையில நெசமாவே போயிடுவாங்கள்ல?”

இளமதி கூடத்துக்கு வந்து அப்பாவின் காலை எடுத்துத் துடைத்தாள். இரண்டு குதிகாலிலும் தோல் எட்டணா அளவுக்கு உரிந்திருந்தது. பஞ்சு பட்டதும் அவர் விரல்கள் மடங்கின.

“வலிக்குதாப்பா?”

“சேச்சே. வரப்புல நடந்த காலு. இதெல்லாம் ஒரு வலியா?”

“மலையில இதோட எப்பிடி நடப்பீங்க?”

“அதெல்லாம் நடப்பேன். நீ எவ்ளோ பாடுபட்டு எல்லாத்தையும் பண்ணியிருக்க.”

அவர் அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். அவள் குனிந்துகொண்டாள். இந்தக் காலோடு ஆயிரம் படி. வழுக்கினால் பிடிக்க மாமாவின் முட்டி. வாந்தி எடுத்துக்கொண்டு ஓர் அத்தை. பெண் சந்தோஷமாக அனுப்புகிறாள் என்று வாய் திறக்காமல் ஏறி, எங்கோ ஒரு திருப்பத்தில் அப்பா உட்கார்ந்துவிட்டால்? போகாவிட்டால் நாற்காலி. போனால் இது. இரண்டையும் மனதில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நாற்காலியாவது வீட்டில் இருக்கிறது.

ஆனால் நிறுத்த முடியாது. அவர் வாயால் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். அவருக்கு அவ்வளவு ஆசை. அவள் சொன்னால் அவருடைய ஆசையைக் கெடுத்தவள் ஆவாள். தவிர, பை வைத்தாயிற்று. நாமாக நிறுத்தக் கூடாது. தடங்கல் வெளியிலிருந்து வர வேண்டும்.

ஆறே முக்காலுக்கு வகுப்பு. புத்தகத்தை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போகிறவளைப் போலக் கிளம்பித் தெருக்கோடிக்குப் போனாள்.

பக்கிரி வேனின் முன்கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். வேனுக்குப் புதிதாக ஒரு மாலைகூடப் போட்டிருந்தார்.

“வா பாப்பா. டீசல் ரொப்பியாச்சி, டயர் காத்து பாத்தாச்சி. வண்டி குதிர மாதிரி நிக்குது.”

இளமதி புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். வரும் வழியில் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

“அண்ணே, ஒரு ஒதவி பண்ணணும். யாருக்கும் தெரியக் கூடாது. எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா மனசு ஒடஞ்சிடுவாரு.”

“சொல்லு.”

“நாளைக்குக் காலையில வந்து, வண்டி ரிப்பேரு, வேற வண்டியும் கெடைக்கலன்னு சொல்லிடணும்.”

பக்கிரி துணியைப் பிழிந்து பக்கக் கண்ணாடியில் காயப் போட்டார். அவசரப்படாமல் கையைத் துடைத்துக்கொண்டார்.

“மத்தியானம் ஒங்கப்பா காலுல செருப்புகூட இல்லாம வந்தாரு, அப்பறம் ஒங்கம்மா, அவுங்க பின்னாடியே ஒங்க அத்தை, இப்ப பல்லுகூடப் போடாம நேரா இங்க வந்துட்டுப் போனாரு ஒங்க மாமா, எல்லாரும் ‘இளாவுக்குத் தெரிஞ்சா மனசு ஒடஞ்சிடும்’னாங்க, நீ அஞ்சாவது ஆளும்மா.”

26 பிப்ரவரி 2026, வியாழக்கிழமை. நாளை செய்ய வேண்டியது: காலை நாலு மணிக்கு எழுந்து எல்லாரையும் எழுப்ப வேண்டும். நாலரை மணிக்குத் தில்லையம்மாள் வீட்டு வாசலில் நின்று, வண்டி ரிப்பேர் என்று பக்கிரி வந்து சொன்னதும் வருத்தப்பட வேண்டும்.